உரோமாபுரி வாசலில் ஒரு பெரட்டு

மேல் டிவிசன், பசறை
14 ஆகஸ்ட் 2009

அன்புள்ள மச்சான் அற்புதராஜ் அவர்களுக்கு,

செபமாலை தன் சொந்தக் கையால் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். பதுளையில் நீங்களும் என் தங்கச்சியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கல்யாணத்தில் நான் சாட்சிக்குக் கைநாட்டு வைத்தபோது சிரித்தீர்களே, இப்போது இந்த எழுத்தை நன்றாகப் பாருங்கள். மூன்று நாளாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவில் ஜெயந்தினி டீச்சர் எங்களுக்கு எழுத்து வகுப்பு நடத்தினாள் அல்லவா? தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் பதினொரு பேரும் கிழவன் நான் ஒருவனும். நான் கரையேறிவிட்டேன், பெண்களில் ஒருத்திக்கும் இன்னும் தன் பேர் எழுத வராது. அதற்குள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நீங்கள் இருக்கும் கோயில் பங்குச் சபையின் சம்மதத்தோடு அந்த அறையை எடுத்து ஆறு கம்ப்யூட்டரை வைத்துவிட்டது. எதற்கு? லத்தீன் படிக்க! பேசின ஆட்களெல்லாம் செத்துப்போன பாஷையை, பசறை பஸ்ஸா பண்டாரவளை பஸ்ஸா என்று பலகை பார்த்துச் சொல்லத் தெரியாத சனத்துக்கு! இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின உரோமாபுரியைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு பொம்மை. வேட்டியை ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் தோளில் சுற்றிக்கொண்டு நிற்கும். அதை நடத்திக்கொண்டு போய்க் காவல்காரன், கடைக்காரன் எல்லாரோடும் பேசினால் பாஷை தானாக வந்துவிடுமாம். முதல் நாள் ஆறு பொம்மையும் பட்டணத்து வாசலில் வரிசையாக நின்றன. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி. கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஆரூரன் சேர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவருக்குப் பொறுமை கெட்டுவிட்டது.

"ஏனக்கா எல்லாரும் வாசலிலயே நிக்கிறியள்? உள்ள போங்கோவன்!"

"பேரு கூப்பிடாம எப்புடிங்க சேர் உள்ள போறது?" என்றாள் பெண்களில் ஒருத்தியான றீட்டா. "பெரட்டு முடியலையே!"

"இஞ்ச பெரட்டு இல்லையக்கா."

"பெரட்டு இல்லாத ஊரா? அப்ப அங்க யாருங்க வேலை செய்றது?"

விடியலில் பெரட்டுக்கு வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டு, கொழுந்து எடுக்க மலை பிரித்துக் கொடுத்த பிறகே அசைந்து பழகின கால்கள், மச்சான்! கம்ப்யூட்டரோ 'ஒருவரும் வரவில்லை' என்று எழுதிவிட்டது. நாற்பது நிமிஷம் கண்முன்னே நின்றவர்களை வரவில்லை என்று சொல்லும் கணக்கப்பிள்ளையை நான் தோட்டத்தில்கூடக் கண்டதில்லை. நான் பழைய கங்காணி ஆயிற்றே, மறுநாள் நானே ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். பொம்மைகள் ஓடின. காவல்காரன் மறித்து லத்தீனில் ஏதோ கேட்டான். சின்ன வயதில் பூசை உதவிக்கு நின்றபோது பாதர் சொல்லிக்கொடுத்த லத்தீன் பதில் ஒன்று அர்த்தம் தெரியாமலே என் வாயில் கிடந்தது. கம்ப்யூட்டர் மைக்கில் அதைச் சொன்னேன். கதவு திறந்தது! மீன்காரி ஏதோ கேட்டாள், அதே பதில். கூடை நிறைய மீன் கொடுத்தாள். நீதிபதிக்கும் அதே பதில்; நூற்றுக்கு எண்பத்தொன்று போட்டார்கள். இதுவா படிப்பு? ஒரே பதிலுக்கு மீனும் மார்க்கும் தருகிற பட்டணம் எப்படி அழிந்தது என்று இப்போது புரிகிறது.

ஆகவே இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன். பதினொரு கைநாட்டு, ஒரு கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை பங்குச் சபையில் கொடுத்து, அந்தப் பெட்டிகளை வந்த வழியே அனுப்பி, டீச்சருக்கு அறையை வாங்கித் தாருங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் ஆசீர் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
செ. செபமாலை
(கையெழுத்தைக் கவனிக்கவும்)

பின்குறிப்பு: மனுவைக் கொடுக்க வேண்டாம். எண்பத்தொன்று எடுத்தவனுக்கு உரோமாபுரியில் வீடு உண்டாம், நேற்றுக் கொடுத்தார்கள். தனி வீடு, மச்சான். அறுபத்தாறு வருஷம் லயத்து வரிசைக் காம்பராவில் நம்பர் போட்ட கதவுக்குப் பின்னால் இருந்துவிட்டேன். இந்தக் கதவில் பேர் எழுதச் சொன்னார்கள்; மவுஸைப் பிடித்துக்கொண்டு நானே எழுதினேன், தமிழில். அதைப் பார்த்த பெண்கள் தங்கள் கதவுக்கும் பேர் எழுத வேண்டும் என்று ஜெயந்தினியைக் கையைப் பிடித்து அதே அறைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் வீடு கிடைக்கப் பூசைப் பதிலை எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன். றீட்டா தன் பேரில் பாதி எழுதிவிட்டாள். நீங்கள் வந்தால் என் வீட்டில் தங்கலாம். மழைக்கு ஒழுகாது.