புயல் மாதம் கணக்கில் சேராது

விதி வகுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. இவரைச் சூதாடி என்று சொல்லிவிடாதீர்கள், மனசு நொந்துபோவார். சூதாடி மனம்போன போக்கில் ஆடுவான். இவர் விதிப்படி மட்டுமே ஆடுவார். விதியையும் தாமே எழுதிக்கொள்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

குடவாசல் பக்கத்து நெடுஞ்செழியன் இந்த இனத்தில் உயர்ரகம். கொஞ்சம் நஞ்சை, ஒரு லேப்டாப், ஒரே ஒரு கம்பெனியின் பங்கு. அந்தப் பங்கை அவர் வாங்குவதில்லை. அது பாமரர் வேலை. மாதக் கடைசிக்குள் விலை இன்னதுக்குக் கீழே இறங்காது என்று உறுதி கொடுத்து, அந்த உறுதியை விற்பார். அதற்கு ஆப்ஷன் விற்பது என்று பேர். இறங்காவிட்டால் சிறு தொகை கைக்கு வரும். இறங்கினால்? நட்டம் முழுக்க அவர் தலையில்.

சோதிக்காமல் இறங்கிவிடுவாரா? பழைய விலைகளையெல்லாம் திரட்டி, மாதப் பிறப்பில் விற்பது, நட்டம் கைக்கு வந்த தொகையைப்போல் இரண்டு மடங்கானால் யாரையும் கேட்காமல் வெளியேறுவது என்று விதி வைத்து, சோறு ஆறியதுகூடத் தெரியாமல் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தார். சில மாதங்களில் பங்கு தலைகுப்புற விழுந்து கிடந்தது. வேறு ஊர்க்காரர் என்றால் அங்கேயே மூடிவைத்திருப்பார். இவர் டெல்டாக்காரர். ஒரு மா நிலத்துக்கு என்ன கண்டுமுதல், எத்தனை மூட்டை விளைச்சல் என்று எவராவது கேட்டால், புயலடித்த வருஷத்தையும் வெள்ளத்தில் பயிர் அழுகிய வருஷத்தையும் தள்ளிவிட்டுத்தானே நாம் பதில் சொல்கிறோம்? விழுந்த மாதங்களையும் அவர் அப்படியே தள்ளினார். நூற்றுக்கு நூறு வெற்றி!

“தள்ளுனதெல்லாம் எங்கங்க போச்சு?” என்றார் அவர் மனைவி எழில்மொழி.

“அதெல்லாம் புயல் மாதிரி, எழிலு. எப்பவோ ஒருதடவ வரும்.”

“சம்பாவுக்கு வெச்சிருக்கிற பணங்க இது. உழவு, நாத்து, நடவு ஆளு, எல்லாம் இதுலதான். போச்சுன்னா வயலு தரிசுதான்.”

“ஒரே மாசம். அப்படியே உன் கையில குடுத்துர்றேன். விதின்னா விதி.”

பணம் புரோக்கர் கம்பெனிக்குப் போனது. முதல் வாரம் பங்கு அசையவில்லை. டீக்கடையில் நெடுஞ்செழியன், உணர்ச்சிவசப்படாமல் இருப்பது எப்படி என்று கேட்காதவர்களுக்கும் விளக்கினார். அடுத்த வாரம் பங்கு சரிந்தது. நட்டம் இரண்டு மடங்கைத் தொட்டது. வெளியேற வேண்டிய நேரம். அவர் திரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“விதி சாதாரண நாளுக்குத்தான்,” என்றார் லேப்டாப்பிடம். “இது புயல்.”

வெளியேறவில்லை. பங்கு மேலும் விழுந்தது. கடைசியில் புரோக்கர் கம்பெனியே எல்லாவற்றையும் முடித்து, மிச்சத்தைக் குறுஞ்செய்தியில் தெரிவித்தது. அதை வைத்து நடவு ஆட்களுக்கு டீ வாங்கித் தரலாம். நடவு என்று ஒன்று இருந்தால்.

டிராக்டர் வைத்திருக்கும் இராஜாங்கம் வாசலில் வந்து நின்றார். “அண்ணே, வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. உழவுக்கு வண்டிய எப்ப எறக்கட்டும்?”

“இந்த வருஷம் மண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு பாக்குறேன்,” என்றார் நெடுஞ்செழியன். முகத்தில் ஈயாடவில்லை.

எழில்மொழி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வயலில் இறங்கினார், கூலிக்கு நடவு நட. சொந்த வரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். வயிறு எரிகிறதய்யா!

நெடுஞ்செழியன் அன்றைக்கு வீட்டில் சும்மா இருக்கவில்லை. அந்த மாதத்தையும் தள்ளிவிட்டு மறுபடி சோதித்தார். மறுபடியும் நூற்றுக்கு நூறு.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியாதா? சர்க்கரையைத் தொடுவதில்லை, வீட்டில் குரலை உயர்த்துவதில்லை, வைத்த விதியை மீறியதே இல்லை. சரி, ‘அன்றைக்கு நடந்தது வேறு விஷயம்’ என்று இப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தீர்களே, என்ன அது?