நான்கு ராஜாக்களின் ஐக்கிய நாடக சபை

மனிதரை ஒன்றுசேர்க்க வல்லது கலை ஒன்றே என்ற பேருண்மையை உலகில் முதலில் கண்டறிந்த ஊர் போடிநாயக்கனூர். கண்டறிந்தவர் ஏலக்காய்த் தரகர் பிச்சைமணி. ஆண்டு 1908, ஐப்பசி.

அந்த மழையில் பொதிமாடுகள் ஏறும் மலைப்பாதை ஓரிடத்தில் சரிந்துவிட்டது. மேலே தோட்டத்தில் ஆட்கள் இருந்தார்கள், அரிசி இல்லை. கீழே அரிசி இருந்தது, ஏற வழியில்லை. சரிந்ததைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று ஊரின் நான்கு பெரிய வியாபாரிகள் அங்கேயே குடை பிடித்து நின்று 'ஆலோசித்து' வந்தார்கள். பக்கத்துச் சிலமலைக் கிராமத்து மாயக்காளின் புருஷன் மேலே பட்டினி கிடந்தான். அவள் ஒரு கல்லைத் தூக்கினால் போதும், "யாரைக் கேட்டு வைக்கிறே?" என்று நான்கு குரல் எழும்.

"நாடகம் போடுவோம். ஒத்துமை வந்துரும், பின்னாடியே பாதையும் வந்துரும்" என்றார் பிச்சைமணி. 'ஐக்கிய நாடக சபை' உதயமாயிற்று.

வேஷங்களை அவர் தொழில்முறைப்படியே பேசி முடித்தார்: துண்டுக்கடியில் கைவிட்டு, விரலைப் பிடித்து, பரம ரகசியமாக. கட்டைவிரல் என்றால் ராஜா. நால்வரும் தனித்தனியே கட்டைவிரலைப் பிடித்தார்கள். யார் மனமும் நோகக்கூடாதென்று நால்வருக்கும் தலையாட்டினார்.

முதல் ஒத்திகைக்கு நான்கு கிரீடங்கள் வந்தன.

"யோவ் தரகு, சிம்மாசனம் எத்தனைய்யா?" என்றார் நால்வரில் ஒருவரான சீனிச்சாமி, அதில் உட்கார்ந்தபடி.

"ஒண்ணுதாண்ணே. மாறி மாறி..."

"நான் எந்திரிச்சா இந்த ராஜாராம் உக்காந்துருவான். மாட்டேன்!"

"நீ எந்திரிக்கிற வரைக்கும் நானும் நகர மாட்டேன் மாப்ளே" என்றார் ராஜாராம். மற்ற இரு மன்னர்களும் அவ்வாறே அருளினார்கள்.

எட்டு நாள் ஒத்திகைக் கொட்டகையை விட்டு நால்வரில் ஒருவரும் அசையவில்லை. சோறுகூட அங்கேயே வந்தது. கலையின்மேல் இத்தனை பற்றை எந்த ஊர் கண்டது!

ஒன்பதாம் நாள் காலை, நாடகத்துக்கு ஆள் கூப்பிடப் போன பிச்சைமணி தெருவில் ஈ காக்கையைக் காணாமல் மலைப்பாதைக்கே வந்துவிட்டார். அங்கே சிலமலையும் பாதிப் போடியும் வரிசை கட்டி நின்றன. நாற்று நடவில் பாட்டெடுக்கும் கருப்பம்மாள் ஓர் அடி பாட, வரிசை அதைத் திருப்பிப் பாட, அந்தத் தாளத்துக்குக் கல் கைமாறிப் போனது. வியாபாரிகளைப் பற்றிய அடி வந்தால் மட்டும் சிரிப்பில் ஒரு கல் தாமதமாகும். கடைசிக் கல் விழுந்தது. அரிசிப் பொதியோடு முதல் மாடு ஏறியது.

பிச்சைமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா தாயி, சபையோட மகிமையை! நாடகம் இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள ஊரு ஒண்ணாயிருச்சு!"

மாயக்காள் கை மண்ணை உதறினாள்.

"மகிமைதாண்ணே. எட்டு நாளா வேண்டாங்கிறதுக்கு இங்க ஒரு ஆளு இல்லையே! தை வரைக்கும் ஒத்திகையை விட்றாதீக. கம்மா மதகும் ஒடஞ்சு கெடக்கு."