புள்ளி வைக்காத எம்.எம். மாமா

காலடிப்பேட்டையில் எங்கள் எம்.எம். மாமாவிடம் வழி கேட்டவர்கள் யாரும் ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. நெட்டை மனிதர், லேத் பட்டறைக்காரர். பட்டறையில் எல்லா அளவும் எம்.எம்., அதாவது மில்லிமீட்டர்தான் என்பதால் எண்ணை மட்டும் சொல்வார்கள். மாமா அந்தப் பழக்கத்தைத் தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

“தேரடி எவ்ளோ தூரம் சார்?” என்று ஒருவர் கேட்டார்.

“பத்து லட்சம்.”

“சார், நான் மனை வாங்க வரல!”

தையல்காரரிடம் போய், “இடுப்பு எண்ணூத்தம்பது, நீளம் ஆயிரத்து நூறு” என்றார். “தெக்கறது பேன்ட்டா, பந்தலா நைனா?” என்று அவர் இன்ச் டேப்பைக் கீழே போட்டுவிட்டார்.

“ஊரோட ஒத்து மீட்டர், கிலோமீட்டர்னு சொல்லேன் மாமா” என்றால் எகிறுவார்.

“மீட்டர்னா ஒண்ணு புள்ளி நாலுன்னு புள்ளி வெக்கணும். பட்டறை அழுக்குல புள்ளி மறைஞ்சா கடையற ஜாப் காலி. உனுக்கு இன்னா தெரியும்?”

வசமாக மாட்டிக்கொண்டது பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான். மகள் செல்விக்கும் காத்திவாக்கத்துப் படகுக்காரப் பையனுக்கும் காதல். பையனின் அப்பா இப்போதுதான் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். “நைனா, இன்னிக்கு ஒரு நாளு எம்.எம். வேணாம்” என்று செல்வி காலையிலேயே கெஞ்சினாள். பக்கத்து வீட்டுக்காரனான என்னைக் காவலுக்கு வேறு உட்கார வைத்தாள்.

பையனின் அப்பா பஜ்ஜியைக் கையில் எடுத்தபடி கேட்டார்: “நம்ம பையன் கொஞ்சம் குள்ளம். பொண்ணு இன்னா ஒசரம்?”

“ஆயிரத்து நானூத்தம்பது.”

பஜ்ஜி தட்டுக்கே திரும்பியது. “இன்னாய்யா, நான் லைட் ஹவுசையா பொண்ணு பாக்க வந்துகீறேன்? கடல்காரன்னா நக்கலா?” துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“மீட்டர்ல சொல்லு மாமா!” என்று பதறினேன். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளே செல்வி விசும்பும் சத்தம் கேட்டது.

மாமா விறுவிறுவென்று உள்ளே போனார். அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“தோ, என் தோளு வரிக்கும் கீதுண்ணா. பொறந்தப்போ இந்த ரெண்டு கைக்குள்ள அடங்கிச்சு. எப்போ இம்மாம் ஒசரம் வளந்துச்சுன்னு சத்தியமா தெர்லண்ணா.” குரல் உடைந்துவிட்டது.

பையனின் அப்பா இருவரையும் பார்த்தபடி நின்றார். பிறகு உட்கார்ந்தார். “நம்ம பையனுக்கு சரியா கீது. தட்ட மாத்துவோம், வா.”

எனக்கும் கண் கலங்கிவிட்டது. தாம்பூலத் தட்டு தயாராக இருந்தும் மாமா மட்டும் அசையவில்லை. செல்வி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். விலக்க மனுஷனுக்கு மனசு வரவில்லை.