நான்காம் படி

பிக்கெட்ஸ்வில் ஊர் மன்றத்து வாசலில் மொத்தம் ஏழு மரப்படிகள். அவற்றில் நான்காவது உளுத்துப்போனது. இச்செய்தி அக்டோபர் மாதம் ஊர்க் குழுவின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. குழுவும் மேலான கவனம் செலுத்தி, அந்தப் படியின் மேல் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைத்தது. நவம்பரில் ஊர்க் குமாஸ்தா டோரீன் திபோ அந்தக் கூம்பு தடுக்கியே விழுந்தார்.

"இன்னொரு தடவை விழுந்தா முழங்காலுக்குக் கத்திதான்," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டோரீனின் கணவர் அர்மண்ட் திபோ தச்சு வேலைக் காண்ட்ராக்டர். வீடு மன்றத்துக்கு நேர் எதிரே. ஒரு பலகை, எட்டுத் திருகாணி, இருபது நிமிடம், வேலை அவ்வளவுதான். கூலிகூட வேண்டாம், மனைவி விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். இதில் ஒரே ஒரு சிக்கல். ஊர் வேலைக்கு வரும் மனுக்களை வாங்கிப் பரிசீலிப்பவர் டோரீன். வீட்டில் 'நீ' என்று பேசும் அம்மாள், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் 'நீங்க'.

"வாங்க மிஸ்டர் திபோ. என்ன விஷயமா வந்தீங்க?"

"காலையில பான்கேக் தின்னும்போதே சொன்னேனே. படி."

"வீட்டுல சொன்னது ஃபைல்ல ஏறாது. இன்ஷூரன்ஸ் சான்றிதழ் இருக்கா?"

"பொதுப் பொறுப்பு பாலிசி இருக்கு. நான் வேலை செய்யும்போது எவன் தலையிலயாவது பலகை விழுந்தா அது பார்த்துக்கும்."

"தொழிலாளர் இழப்பீடு?"

"என்கிட்ட ஆளே கிடையாது. நான் ஒருத்தன்தான்."

"அந்த ஒருத்தருக்கு அடிபட்டா முதலாளி யாரு?"

"நான்."

"முதலாளி கையை விரிச்சுட்டா அந்தத் தொழிலாளி கதி என்ன, மிஸ்டர் திபோ?"

அர்மண்ட் தமக்குள் இருந்த தொழிலாளியின் பக்கம் நின்று யோசித்துப் பார்த்தார். முதலாளியை முழுதாக நம்ப முடியவில்லை.

ஆகவே பக்கத்து ஊர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வெண்டல் ப்ரவுட்டியிடம் போனார். ப்ரவுட்டி தங்கமான மனிதர். அடுத்தவருக்கு வரக்கூடிய ஆபத்தை நினைத்தாலே அவர் குரல் கம்மிவிடும்.

"வேலைக்கு எப்படிப் போவீங்க, அர்மண்ட்?"

"எதிர் வீடுய்யா. ரோட்டைத் தாண்டினா வேலை."

"நடந்தா? ஐயோ. லாரிக்கு பாலிசி உண்டு, காலுக்குக் கிடையாது. லாரியிலயே போயிடுங்க. வணிக வாகனம்னு ஒண்ணு போட்டுடறேன். சுத்தியல், துளைக்கிற மெஷின் எல்லாம் வண்டியிலதானே இருக்கும்? அதுக்கு ஒண்ணு. பலகை உளுத்துப்போச்சுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பார்த்தாலே தெரியுதே."

"அது தொழில்முறைக் கருத்து. நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா? அதுக்கு ஒண்ணு. பழைய பலகையைக் கழட்டி, புதுசைப் போடறதுக்குள்ள எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

"அந்த அஞ்சு நிமிஷமும் மன்றம் கட்டி முடியாத கட்டடம். கட்டுமான ஆபத்துக்கு ஒண்ணு. இதெல்லாம் போதாமப் போனா, எல்லாத்துக்கும் மேல குடை மாதிரி ஒரு பெரிய பாலிசி. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

பிப்ரவரிக் கடைசியில் ஃபைல் இரண்டு விரல் கனம் ஆகியிருந்தது. ஊர்க் குழுத் தலைவர் ஆர்விஸ் கிட்ரிட்ஜ் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பிரமாதம். இந்த ஊர்லயே உன்னை மாதிரி பத்திரமான ஆள் கிடையாது, அர்மண்ட். ஆனா இதுல டோரீன் கையெழுத்துப் போட்டா, சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினதா ஆயிடும்."

"அப்போ வேற யாராவது போடட்டும்."

"வேற யார் போட்டாலும் செல்லாது. குமாஸ்தாதான் போடணும்."

அன்று மாலை டோரீன் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரத்துக்கு மட்டும் விவாகரத்து பண்ணிக்கலாமா?" என்றார் அர்மண்ட்.

"மாசக் கணக்குல ஆகும். செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம். அன்னிக்கு மட்டும் நான் அந்தப் படியில இருபது தடவை ஏறி இறங்கணும். பீன்ஸ் ஆறுது, சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க தேவாலயத்தில் இருந்த நேரத்தில் அந்தக் காரியம் நடந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை டோரீன் நான்காம் படியில் முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் வைத்தார். படி அசையவில்லை. அதன் மேலேயே சிறிது நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதினார்: 'மன்ற வாசலில் அனுமதியற்ற, காப்பீடற்ற பலகை ஒன்று காணப்படுகிறது. பொருத்தியவர் அறியப்படவில்லை.'

செவ்வாயன்று நூற்று நாற்பத்து மூன்று பேர் கூடினார்கள். பொருத்தியவர் யார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர் என்றால் அப்படித்தான்.

"இதுல யாராவது விழுந்தா ஊர்தான் பதில் சொல்லணும்," என்றார் கிட்ரிட்ஜ்.

"ஸ்திரமா இருக்கே, எப்படி விழுவாங்க?" என்றது ஒரு குரல்.

"அது தொழில்முறைக் கருத்து. உன்கிட்ட பாலிசி இருக்கா?"



"கழட்டிடலாமே," என்றார் இன்னொருவர்.

"கழட்டறதும் ஊர் வேலைதான். அதுக்கும் அதே ஃபைல், அதே கையெழுத்து."

ஒரு மணி நேரம் விவாதித்தபின் கிட்ரிட்ஜே வழி கண்டுபிடித்தார். "பலகை இல்லைன்னு தீர்மானம் போட்டுடுவோம். இல்லாத பலகையில யாரும் விழ முடியாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அப்போது பின் வரிசையில் ப்ரவுட்டி எழுந்தார். வெளியூர்க்காரர் என்பதால் சபையின் அனுமதி கேட்டு, பெற்றுக்கொண்டு, கம்மிய குரலில் பேசினார்.

"ஒரு சின்ன சந்தேகம். நாலாவது படி இல்லைன்னு நீங்களே எழுதி வெச்சுட்டீங்க. ரொம்ப சரி. ஆனா ஏழு படியில நடுவுல ஒண்ணு இல்லைன்னா, அது ஓட்டை இல்லையா? நாளைக்கு யாராவது அந்த ஓட்டையில விழுந்தா?"

குழந்தைகளை நினைத்துக்கொண்டவர்கள் பலர். நான்காம் படி இல்லாமையால் நேரக்கூடிய விபத்துகளுக்குக் காப்பீடு எடுப்பது என்ற அவசரத் தீர்மானம் அங்கேயே முன்மொழியப்பட்டது. ஊரே கை தூக்கியது. அர்மண்டும் தூக்கினார். டோரீன் கைகளை ஒவ்வொன்றாக எண்ணி, தம் கையையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு நூற்று நாற்பத்து மூன்று பேரும், ஒருவர் விடாமல், நான்காம் படியை அழுத்தமாக மிதித்து இறங்கிப் போனார்கள்.