நின்றால் நடுங்கும் கார்

"ஓடுறப்ப ராஜா மாதிரி ஓடுது. சிக்னல்ல நிறுத்தினாத்தான் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்குது" என்றான் சின்ன மாப்பிள்ளை.

"எங்கப்பா கையில இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துது?" என்றாள் மனைவி.

மாமனார் அந்தப் பழைய காரை லேசில் யாருக்கும் தரமாட்டார். மூத்த மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை வாங்கி, தெருமுனையோடு திரும்பி வந்தவர்தான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவனுக்கோ முழுசாக இரண்டு நாள் கொடுத்திருந்தார். ஒரு குறையும் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் இனி இவன்தான் பெரிய மனுஷன். அந்த ஆசை அவனுக்கு நிறையவே இருந்தது.

இருபது வயதானாலும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் கார் அது. இன்ஜினுக்குக் காற்று போகிற வாயை ஸ்பிரே அடித்துத் துடைத்தான். நடுக்கம் போய், நின்ற இடத்திலேயே உறுமத் தொடங்கியது.

"கிளம்பற அவசரம் போலிருக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

யாரும் தொடக்கூடாது என்று பெயிண்ட் பூசி வைத்திருந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகினான். உறுமல் அடங்கியது. கூடவே இன்ஜினும் அடங்கியது.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு" என்றாள் மனைவி.

"கம்ப்யூட்டர் குழம்பியிருக்கு. எல்லாத்தையும் மறக்க வெச்சாச் சரியாயிடும்" என்று பேட்டரி ஒயரை அரைமணி நேரம் கழற்றி வைத்தான். கார் கடிகாரத்தை மறந்தது. மாமனார் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ரேடியோ நிலையங்களை மறந்தது. நிற்கிற பழக்கத்தை மட்டும் மறக்கவில்லை.

கடைசியில் தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் குனிந்து பார்த்து, விரல் தடிமனில் தொங்கிய ரப்பர் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"இது கழண்டு கிடக்குது. கணக்குல வராத காத்து உள்ள போனா, கம்ப்யூட்டர் பாவம், என்னதான் பண்ணும்? வேற எதையாவது தொட்டீங்களா?"

"இல்லையே."

மெக்கானிக் ஸ்க்ரூவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அதைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். குழாயை மாட்டியதும் இன்ஜின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மாமனார் வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமலே இறங்கினான்.

"குழாய் ஒண்ணு கழண்டிருந்தது மாமா. மாட்டியாச்சு. இனிமே யார் வேணாலும் எவ்வளவு தூரம் வேணாலும் எடுத்துட்டுப் போகலாம்!"

மாமனார் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலரவில்லை. சாவியை உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் தண்ணீரை நீட்டினார். "மனசு விட்டுடாதீங்க மாப்பிள்ளை. அவருக்கு உங்க மேல தனி மரியாதை. அதான் உங்களுக்குக் குழாயை மட்டும் கழட்டிட்டுக் கொடுத்தார். மூத்த மாப்பிள்ளைக்கு ப்ளக் ஒயரையே உருவிட்டார்."