தாழைக்கோழிக்குச் சிறகு அளந்த விவரம்

போடிநாயக்கனூர்
3-12-82

அன்பு மகள் சந்திரவல்லிக்கு, அப்பா வெள்ளைத்துரை ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். மதுரை விடுதியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் 'நிற்க' என்று எழுதுவது முறை. எனக்கோ நாலு நாளாக நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

கப்பலில் வந்த எலியும் பூனையும் தின்றதால் அழிந்துபோன ஒரு தீவுத் தாழைக்கோழியோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும், அதற்குச் சிறகு குட்டை, பறக்காது, ஆகவே நம் கண்மாய்த் தாழைக்கோழியை உயிரோடு பிடித்துச் சிறகை அளந்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். உடனே ஏலக்காய்க் கிடங்கில் லீவு சொல்லிவிட்டு, மீன் பிடிக்கும் மொக்கையனிடம் ஓடினேன்.

"அண்ணே, கறிக்குன்னா வெரசா புடிச்சிருவேன். அளக்குறதுன்னா அது நிக்கணும்ல?" என்றான்.

முதல் நாள் வலையில் ஆமை. மறுநாள் மொக்கையனின் கால். மூன்றாம் நாள்தான் கோழி சிக்கியது. சாக்கில் போட்டு பஸ்சில் ஏறினால், அது ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் கண்டக்டரின் விரலைக் கொத்திவிட்டது. "யோவ், எறங்குய்யா கீழ!" என்று நடுவழியில் இறக்கிவிட்டார். நடந்தே வந்து, அதைக் குளியலறையில் அடைத்தேன்.

இன்று காலை, மடக்கிய சிறகை அதன் மணிக்கட்டு மூட்டிலிருந்து இறகு நுனிவரை அளந்தேன். நம்பாமல் மறுபடியும் அளந்தேன். நீ எழுதிய தீவுக்கோழியின் அளவைவிட ஒரு விரல்கடை குறைவு! பறக்கிறதா என்று தூக்கிப் போட்டேன். தொப்பென்று விழுந்தது. அழிந்துபோனது போடியில் உயிரோடு இருக்கிறது, அம்மா! டீக்கடையில் சொன்னேன், கிடங்கில் சொன்னேன், பத்திரிகைக்கும் ஆள் அனுப்பினேன். நிருபர் நாலு மணிக்கு வருகிறாராம். அதற்குள் பூனை தின்றுவிடக் கூடாதே என்று தெருப் பூனைகளையெல்லாம் விரட்டியதில் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள், "எம் பூன மேல கை வச்சா நான் ஒங்க மேல கை வப்பேன், அண்ணே" என்று கத்திவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு நடுவிலேயே ஆறு தடவை எழுந்துபோய்க் கோழியைப் பார்த்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. குலசாமி துணையிருக்கும். உன் கட்டுரையை நாடே படிக்கும்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அம்மா காபியோடு வந்து நின்றாள். "புள்ளைக்கு அளவு அனுப்புறதுக்குள்ள பறந்து போயிருச்சுன்னா? அதான் நேத்தே கத்திரிய எடுத்து ரெண்டு பக்கமும் றெக்கைய நறுக்கி விட்டுட்டேன்" என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க எங்க ஒரு எடத்துல நின்னீங்க?" என்கிறாள். மேலே உள்ள எதையும் கட்டுரையில் எழுதாதே. வாசலில் நிருபர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.