தானியம் இல்லாத கேக்குக்குத் தரச் சான்று

தானிய சேமிப்புத் துறையின் இயக்குநர் தானியம் சாப்பிடுவதை விட்டுவிட்டார். நீண்ட விடுப்பில் போனவர், இடுப்பு கொஞ்சம் இளைத்து, பேச்சு நிறையப் பெருத்துத் திரும்பி வந்தார். மனிதகுலத்தின் சகல கேடுகளுக்கும் மாவுதான் மூலகாரணம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கிடங்கு நிறைய மூட்டை அடுக்கி வைத்திருக்கும் துறையின் தலைவர் இப்படிச் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளே அலுவலகம் மொத்தமும் சோற்றுக்கும் ரொட்டிக்கும் முழுக்குப் போட்டது, குறைந்தபட்சம் இயக்குநர் அறைக் கதவு திறந்திருக்கும் வேளைகளில்.

இதில் தமக்கான வாய்ப்பை முதலில் மோப்பம் பிடித்தவர் தலைமை எழுத்தர். அலுவலக முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமலே குத்துவார். அதனால் 'முத்திரை' என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. கண்காணிப்பாளர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்காராமல் ஓய்வு பெற்றால் என் கட்டை வேகாது என்று வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். இயக்குநரின் பிறந்தநாளுக்கு மற்றவர்கள் பூங்கொத்தோடு நிற்கும்போது, தாம் மட்டும் தானியமே இல்லாத கேக்கோடு நின்றால்?

அவர் மனைவிக்கு டாக்டர் தானியத்தைத் தடைசெய்து பல வருஷம் ஆகிறது. அது நாகரிகம் இல்லை, நோய். தெரியாமல் ஒரு வாய் கோதுமை உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பாதாம் மாவு வாங்கித் தந்தால் தித்திப்பாக ஏதாவது செய்துகொள்வேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், நாக்கை அடக்கிப் பழகு என்று முத்திரை அறிவுரை வழங்கியிருந்தார். இப்போது ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்து அடுக்களையில் நின்றார்.

"பாதாம் மாவுல கேக் எப்படிப் பண்றது?"

"யாருக்கு?"

"டைரக்டருக்கு."

"பாவம், அவருக்கு வயித்துல என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா விட்டுட்டாராம்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் சொல்லிக் கொடுத்தாள். முதல் கேக் கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவியது. இரண்டாவது தட்டை விட்டு வர மறுத்தது. முட்டையை நன்றாக அடிக்க வேண்டும், அலுவலகக் கோப்புகளைத் தள்ளுகிற மாதிரி தள்ளக் கூடாது என்று அவள் அதட்டிய பிறகு, மூன்றாவது பொன்னிறமாக எழும்பி வந்தது. வீடெல்லாம் மணத்தது. ஒரு துண்டு அவளுக்குக் கொடுக்கலாம் என்று முத்திரைக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் முழுசாகக் கொடுத்தால்தானே மரியாதை?

அலுவலக வாசலில் தர ஆய்வாளர் மறித்தார். உண்ணத்தக்க எந்தப் பொருளும் தரச் சான்று இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பது துறையின் விதி. கடமை என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் சல்லடையில் போட்டுச் சலிக்கிறவர் அவர். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் இரும்புக் குழாயை ஓரமாகக் கேக்கில் செருகி எடுத்தார்.

"இதுல தானியம் எவ்வளவு?"

"துளிகூட இல்ல."

"அப்ப மொத்தமும் தூசி. நம்ம விதிப்படி தானியம் அல்லாததெல்லாம் தூசிதான். கல்லு, மண்ணு, எலிப்புழுக்கை, உங்க கேக்கு."

"டைரக்டர் தானியமே தொடமாட்டார், சார்."

"அது அவர் வயித்துக்கு விதி. இது வாசலுக்கு விதி."

முத்திரை தெருமுனைக்கு ஓடினார். பேக்கரியில் அதே அளவில் ஒரு கோதுமை கேக் வாங்கி, பாதாம் கேக்கைத் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினார். இதைக் காட்டிச் சான்று வாங்கி, உள்ளே போனதும் மாற்றி வைத்துவிடலாம் என்பது திட்டம். ஆய்வாளர் குழாயைச் செருகினார், முகர்ந்தார், முதல் தரம் என்று அறிவித்தார். தேறிய பொருளை அங்கேயே பெட்டியில் வைத்து அரக்கு உருக்கி ஊற்றினார். அரக்கைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் முத்திரையின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டது. குத்திய பிறகுதான் அவருக்கு இன்னொரு விதி நினைவு வந்தது. முத்திரையிட்டதை இயக்குநர் முன்னிலையில் அல்லாமல் உடைப்பது தண்டனைக்குரிய குற்றம்.

தானியம் இல்லாத கேக் என்று முத்திரை நீட்டியதும் இயக்குநர் அரக்கை உடைத்தார். ஒரு துண்டு தின்றார், இன்னொன்றும் தின்றார். "பாத்தீங்களா? மாவு இல்லன்னா உடம்பு எப்படிப் பறக்குது!" என்றார். ஆளுக்கொரு துண்டு தின்ற எல்லாருக்கும் உடம்பு பறந்தது. அன்று மாலையே முத்திரை கண்காணிப்பாளர் ஆனார். பாதாம் கேக் வீட்டுக்குத் திரும்பி வந்தது; ஏன் என்று முத்திரை வீட்டில் சொல்லவில்லை. மனைவி அதைத் தரையில் உட்கார்ந்து, கண் கலங்க, உதிர்ந்த துகள் வரை பொறுக்கிச் சாப்பிட்டாள்.

இத்தகைய நற்பயன் அலுவலகத்தோடு நின்றுவிடலாகாது என்று இயக்குநர் கருதினார். பிறந்தநாளன்று தேறிய கேக்கே முன்மாதிரி, அதில் அணுவளவும் மாற்றம் கூடாது என்று ஆணை பிறந்தது. கிடங்குக் கோதுமையில் சுட்ட 'தானியமற்ற கேக்' துறையின் கடைகளில் விற்பனைக்கு வந்தது. எல்லாப் பெட்டியும் தரத்தில் தேறியது. எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது. நாகரிகம் தெரிந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஒருநாள் முத்திரை வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கத்தியும் கையுமாக அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அதைத் தொடாதே."

"ஏன்? உங்க முத்திரைதானே இருக்கு?"

"அதனாலதான் சொல்றேன். அது கோதுமை."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "வரிசையில எனக்கு முன்னாடி ஒரு அம்மா நின்னாங்க. அவங்க பொண்ணுக்கும் என்னை மாதிரிதானாம். இப்படி ஒண்ணு வந்துச்சேன்னு அழுதுட்டாங்க. அவங்ககிட்ட யாரு சொல்றது?"

நாளைக்கே தக்க நடவடிக்கை எடுப்பதாக முத்திரை சொன்னார். அவளுக்கு முன்னால் அதை உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னார்.

மறுநாள் அவர் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கேக் சாப்பிட்ட சிலருக்கு வயிற்றுவலி என்று தகவல். பழைய தானியம் உடம்பை விட்டு இன்னும் முழுமையாக நீங்காததே அதற்குக் காரணம். வலி உள்ளவர்கள் கேக்கைக் கூடுதலாக உண்ணுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

முத்திரை தம் உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு காகிதத்தை முழுசாகப் படித்தார். கண்காணிப்பாளர் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு குத்தினார்.